பட்டியலில் ஒரே ஒரு ழகரம்

எழுத்துரு வரைவதுதான் அவளுடைய தொழில். கடைப் பலகை, புத்தக அட்டை, சோப்பு உறை என்று ஊரில் பாதிப் பேர் அவள் வரைந்த எழுத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தார்கள். அவளைத்தான் ஒருவருக்கும் தெரியாது.

ஒருநாள் ஓர் இசைக்குழுவினர் வந்தார்கள். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அடித்தது மாதிரி, புள்ளி புள்ளியாக ஓர் எழுத்து வேண்டுமாம். மாதிரி ஏதாவது கொண்டுவந்தீர்களா என்று கேட்டாள். உங்களிடம் இல்லாததா என்றார்கள்.

இருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பயணிகள் படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் படகுத்துறைச் சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். இறந்தவர்கள் பட்டியல், நாற்பத்து மூன்று பெயர்கள். பிரிண்டரில் ஓர் ஊசி போய்விட்டிருந்ததால், யாரோ கோடு கிழித்து அடித்துவிட்ட மாதிரி, ஒவ்வொரு பெயரின் குறுக்கேயும் மெல்லிய வெள்ளைக் கோடு ஓடியது. பதினேழாவது பெயர் அவளுடைய அண்ணனுடையது. அண்ணி அந்த வரியை விரலால் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனாள். ஒரு வாரம் கழித்து இவள் மட்டும் தனியே போய், தாளைக் கிழியாமல் உரித்து எடுத்துவந்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியாது.

அந்தத் தாளைத்தான் இப்போது ஸ்கேன் செய்தாள். புள்ளிகளை எண்ணி, கட்டம் போட்டு, பெயர்களிலிருந்து எழுத்துகளைப் பிரித்தெடுத்தாள். வெள்ளைக் கோட்டையும் அப்படியே விட்டாள். அதுதான் அழகு என்று இசைக்குழுவினர் சொன்னார்கள். ககரம் முப்பது இடத்தில் கிடைத்தது, மகரம் அதற்கும் மேல். ழகரம் மட்டும் பட்டியல் முழுக்க ஒரே இடத்தில்தான் இருந்தது. அண்ணன் பெயரில்.

பாட்டு வெளிவந்த பின் எழுத்துருவை விற்பனைக்கும் வைத்தாள்; அது பற்றிக்கொண்டது. காபிக் கடைச் சுவர், சட்டை, சினிமாப் பெயர், ஃபோன் செயலி என்று பார்த்த இடமெல்லாம் அதுதான். முதலில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பிறகு ஜூஸ் கடையில் 'பழச்சாறு' என்ற சொல்லைக் கடக்க முடியாமல் நின்றாள். பேருந்தில் முன்னால் நின்றவனின் முதுகில் 'வாழ்' என்று இருந்தது; இறங்கவேண்டிய நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கிவிட்டாள். ஒருநாள் காலை வானிலைச் செயலி 'மழை வரும்' என்று காட்டியது. "சரி, குடை எடுத்துக்கறேன்" என்று பதில் சொன்னாள். சொன்ன பிறகுதான் வீட்டில் தன்னைத் தவிர யாருமில்லை என்பது உறைத்தது.

அடுத்த வாரம் படகுத்துறையிலிருந்து கடிதம் வந்தது. புறப்பாடு நேரம் காட்டும் புதிய மின்பலகைகளுக்கு அவளுடைய புள்ளி எழுத்து வேண்டுமாம். பயணிகளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று எழுதியிருந்தார்கள். கடிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அண்ணியைப் பார்க்கக் கிளம்பினாள்.

அண்ணி ஒரு கண் மருத்துவமனையில் வரவேற்பில் இருந்தாள். வருடத்துக்கு இரண்டு முறை பார்த்து, உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதோடு சரி. சாப்பாட்டு இடைவேளையில் படிக்கட்டில் உட்கார்ந்து இவள் எல்லாவற்றையும் சொன்னாள். தாளை உரித்துவந்ததிலிருந்து அந்தக் கடிதம் வரை. அண்ணி கையிலிருந்த டப்பாவைத் திறக்கவே இல்லை.

"அப்போ அது நீயா?" என்றாள் கடைசியில்.

"பார்த்திருக்கீங்களா அண்ணி?"

"ஒரு வருஷமா பார்க்கறேன். முதல்ல மருந்துக் கடையில. அந்தக் கோட்டைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் எங்க போனாலும் வந்துச்சு. எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சுன்னு நினைச்சேன். இங்கயே ரெண்டு தடவை கண்ணை டெஸ்ட் பண்ணிக்கிட்டேன். கண்ணுல ஒரு குறையும் இல்லைன்னுட்டார் டாக்டர்."

இவள் மன்னிப்புக் கேட்டாள்.

"யார்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல நீங்க?"

"யார்கிட்ட சொல்ல? சுவர்ல அவர் தெரியறார்னா?"

அண்ணி டப்பாவைப் படியில் வைத்தாள். அந்தத் தாளில் இருந்த மற்றவர்கள் வீட்டிலும் யாராவது இப்படித் தெருவில் நின்றிருப்பார்கள் என்றாள். இன்னும் நாற்பத்து இரண்டு வீடு. அது இவளுக்குத் தோன்றவே இல்லை.

படகுத்துறைக்கு முடியாது என்று அன்றைக்கே எழுதினாள். எழுத்துருவையும் விற்பனையிலிருந்து எடுத்தாள். ஆனால் வாங்கியவர்கள் கையில் இருப்பதை யார் திரும்ப வாங்குவது? அது யார் யார் கணினியிலோ போய்ச் சேர்ந்துவிட்டது. தன்னால் ஆனது ஒன்றுதான் என்று, வெள்ளைக் கோட்டை மூடி, ழகரத்தைப் புதிதாக வரைந்து, வாங்கிய எல்லோருக்கும் அனுப்பினாள். சிலர் மாற்றினார்கள். இசைக்குழுவினர் பழையதுதான் நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள்.

அதனால் அது இன்னும் ஊரில் இருக்கிறது. இப்போதெல்லாம் அண்ணி ஃபோன் செய்கிறாள். பல் டாக்டர் பலகையில் ஒன்று பார்த்தேன், பள்ளிக்கூட வேனில் ஒன்று பார்த்தேன் என்பாள். எந்தத் தெரு என்று இவள் கேட்பாள். சில நாள் வேலை முடிந்ததும் இரண்டு பேருமாகப் போய் அந்தப் பலகைக்குக் கீழே கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். கடைக்காரர் வெளியே வந்து என்ன வேண்டும் என்று கேட்டால், சும்மா பார்க்கிறோம் என்கிறாள் அண்ணி.