வந்து சேராத பதில்

ஸ்லாத்கா அத்தை திரையில் குடைமிளகாய் சுட்ட கதையைக் கைகளால் சொல்லிக்கொண்டிருந்தபோது, ராலித்ஸாவின் மேசைக்கடியில் தவழ்ந்துகொண்டிருந்தான் ஓக்னியான். ரூஸே நகரில் காது கேளாதவர்களுக்கான அந்த மையத்தில் ராலித்ஸா மொழிபெயர்ப்பாளர். அவர்கள் வீட்டிலிருந்தபடி வீடியோவில் சைகை மொழியில் பேசுவார்கள். இவள் அதைக் குரலாக்கி டாக்டருக்கோ வங்கிக்கோ தொலைபேசியில் சொல்வாள். திங்கட்கிழமை இணையத்துக்குக் காவலாக ஃபயர்வால் என்ற புதிய பெட்டியை வைத்ததிலிருந்து இணையம் நொண்டியது. விரல்கள் பாதி வார்த்தையில் உறைந்து நின்றன.

கம்ப்யூட்டர்க்காரன் ஓக்னியான் கேபிள்களை மாற்றிப் பார்த்தான். பிறகு தன் லேப்டாப்பை ஃபயர்வாலுக்கு வெளியே செருகினான், வேகம் பறந்தது. உள்ளே செருகினான், ஊர்ந்தது.

"அந்தப் பெட்டிதான். வர்ற போற ஒவ்வொரு பொட்டலத்தையும் பிரிச்சுப் பாத்துட்டு, திரும்பக் கட்டி அனுப்புது. அந்தக் காலத்துச் சுங்கக்காரங்க தோத்தாங்க."

"டைரக்டரம்மாகிட்ட சொல்லிப் பாரு. அது வந்தப்புறம்தான் அவங்களுக்குத் தூக்கமே வருதாம்."

ராலித்ஸா திரையைப் பார்த்து, 'மாத்திரை போட்டீங்களா?' என்று கைகளால் கேட்டாள். அத்தை மிளகாய்த் தோலை உரிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். ராலித்ஸாவுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக இருக்கும் மனுஷி. பேச ஆரம்பித்தால் குறுக்கே யாரையும் விடமாட்டார்.

திடீரென்று கைகள் நின்றன. அத்தை நெஞ்சை அழுத்திக்கொண்டார். 'இங்க பாறாங்கல் வெச்ச மாதிரி இருக்கு. இடது கை மரத்துப்போச்சு.'

'அசையாம உக்காருங்க. ஆம்புலன்ஸ் வருது' என்று சைகை காட்டிவிட்டு, ராலித்ஸா ஆம்புலன்ஸை அழைத்தாள். அடுத்து, அத்தையின் பக்கத்து வீட்டு கெனோவேவாவை. கெனோவேவா போனைக் காதிலிருந்து எடுக்காமலே சாவியோடு ஓடினாள். பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. கதவு. அப்புறம் குழாயில் சொட்டும் தண்ணீர்.

"பொண்ணே, இவ கீழ கிடக்கா. மூச்சில்ல. கையெல்லாம் சில்லுனு இருக்கு."

"இல்லக்கா. உக்காந்துதான் இருக்காங்க. நான்தான் பாத்துட்டிருக்கேனே."

திரையில் அத்தை நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் கதவு மூடியே இருந்தது. யாரும் உள்ளே வரவில்லை.

"நாற்காலி காலியா கிடக்கும்மா." கெனோவேவாவின் குரல் தணிந்தது. "இங்க மேசைல இருக்கற திரையில நீ தெரியற. ரெண்டு கையையும் ஆட்டி ஏதோ கேக்கற, சிரிக்கற. அப்ப போனை எந்தக் கையில பிடிச்சிருக்க?"

ராலித்ஸா தன் கைகளைப் பார்த்தாள். ஒன்று போனை இறுக்கியிருந்தது. மற்றது மேசை விளிம்பைப் பற்றியிருந்தது. இரண்டும் அசையவில்லை.

ஓக்னியான் எழுந்து வந்து ஃபயர்வாலின் எண்களைப் பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான்.

"நாம பாக்கறது இப்ப நடக்கறது இல்ல. எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள வரிசையில நிக்குது. கால் மணி நேரத்துக்கு மேலயே பின்தங்கியிருக்கு."

"அப்ப ஆம்புலன்ஸ் வருதுன்னு நான் சொன்னதுகூட அவங்களுக்குப் போய்ச் சேந்திருக்காதா?"

வெளியே போகிற வரிசையையும் அவன் விரலால் தொட்டுக் காட்டினான்; அதுவும் அதே நீளம். திரையின் ஓரத்தில் வேறு அழைப்புகள் மினுங்கிக்கொண்டிருந்தன. அந்த முகங்களுக்குப் பின்னால் இந்நேரம் என்ன நடந்து முடிந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"பெட்டி பிரிச்சுப் பாக்கற சோதனைய நிறுத்திடறேன். மத்தவங்க காத்திருக்காங்க."

"நிறுத்தினா இவங்க?"

"இந்த அழைப்பு அறுந்துடும். உள்ள நிக்கறது எதுவும் வராது."

"கொஞ்சம் இரு."

'என்ன பொண்ணே, நான் சொல்லிட்டே இருக்கேன், நீ எங்கயோ பாத்துட்டு உக்காந்திருக்க?' என்றன அத்தையின் கைகள். வலது கைதான் பேசியது. இடது கை மடியில் கிடந்தது. 'எம்மேல கோவமா?'

ராலித்ஸா போனை மேசைமேல் வைத்தாள். 'இங்கதான் இருக்கேன் அத்தை' என்று சொன்னாள், மெதுவாக, ஒவ்வொரு விரலும் தெரியும்படி. போனுக்குள்ளிருந்து ஆம்புலன்ஸின் ஊளைச் சத்தம் நெருங்கி வந்தது. ஓக்னியான் விரலை விசைக்கு மேலேயே வைத்திருந்தான்.

அத்தை கண்களைச் சுருக்கிக்கொண்டு முகத்தை அருகே கொண்டுவந்தார். திரைக் கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்திருக்க வேண்டும். வாயால் ஊதி, பூப்போட்ட சட்டையின் கைநுனியை இழுத்துத் துடைக்க ஆரம்பித்தார். திரை முழுவதும் அந்த நீலப் பூக்கள், ஒரு சத்தமுமில்லாமல், இப்படியும் அப்படியும் போய் வந்துகொண்டிருந்தன.