குழியில் ஒன்றும் இல்லை

என் கணவருக்குக் கல்தூள் பார்ப்பது வேலை. எண்ணெயோ எரிவாயுவோ இருக்கிறதா என்று சோதனைக் கிணறு போடுகிற இடங்களில், அடியிலிருந்து சேற்றோடு மேலே வருவதை அலசி மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பார். பூமிக்குள் ஆயிரக்கணக்கான அடி ஆழத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தன் சட்டைப் பையில் என்ன இருக்கிறது என்று மட்டும் அவருக்குத் தெரியாது. துவைக்கும்போது எனக்குத்தான் தெரியும்.

சோதனையில் ஒன்றும் கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து கட்டிக்கொண்டே இருக்கிறேன். எந்த ஊர் ஜன்னலுக்கும் ஆகட்டும் என்று திரைச்சீலையெல்லாம் நீளமாகத் தைத்து வைத்திருக்கிறேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த முறை எண்ணெய் வந்தே ஆக வேண்டும் என்று கம்பெனி முதலாளியைவிட நான்தான் தவித்தேன். வந்தால் வருஷக்கணக்கில் இங்கேயே இருக்கலாம். மகள் முதல் தடவையாக ஒரு பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு, மறுநாளே ராசியாகிற அளவுக்கு ஒட்டியிருந்தாள். எனக்கும் ஒருத்தி கிடைத்திருந்தாள்.

அவள் எங்கள் வீட்டுச் சொந்தக்காரி. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முன்பக்கத்தை எங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் தனியாக இருந்தாள். கிணறு துளைக்கிற ரிக் நிற்கிற இடத்துக்கு அடுத்த வயல் அவளுடையது. முதலில் அவளிடம்தான் கம்பெனிக்காரர்கள் நிலம் கேட்டுப் போனார்கள். தண்ணீர் கெட்டுவிடும் என்று பயந்து, வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

“உன் வீட்டுக்காரர் தோண்டுற குழியில ஒண்ணுமே இருக்கக் கூடாது,” என்பாள், எனக்கு டீ ஊற்றிக்கொண்டே.

“நெறைய இருக்கணும்க்கா,” என்பேன், டீயை வாங்கிக்கொண்டே.

ஏன் என்று அவள் கேட்டதில்லை. கம்பெனிச் சோறு தின்கிறவள் அப்படித்தான் பேசுவாள் என்று விட்டிருப்பாள். நேரெதிராக வேண்டிக்கொண்டு ஒரே தட்டில் பிஸ்கட் தின்றோம்.

கிணற்றில் என்ன கிடைத்தது என்று வெளியே மூச்சு விடக் கூடாது, கம்பெனிக் கட்டுப்பாடு. வீட்டிலும் மனுஷர் வாயைத் திறக்க மாட்டார். திறக்கவும் வேண்டாம். ரிக்கில் தங்குவதற்குத் தன் தலையணையைக் கொண்டுபோவார். வேலை தொடரும் என்றால் அது அங்கேயே கிடக்கும். அன்று மத்தியானம் தலையணையை இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். அழக்கூட அலுப்பாக இருந்தது. அட்டைப்பெட்டிகளை இறக்கினேன்.

கிணற்றை சிமென்ட் போட்டு அடைக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்ததும் அக்கா ஓடி வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள்.

“ஒண்ணுமில்லையாம்டி! என் வயல் பொழச்சுது!”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஆனாலும் அவளை விலக்க மனசு வரவில்லை. அதற்குள் அவள் பெட்டிகளைப் பார்த்துவிட்டாள்.

“இதெல்லாம் எதுக்கு?”

“கெளம்பணும்க்கா. ஒண்ணுமில்லேன்னா எங்களுக்கு இங்க என்ன வேலை?”

“எப்போ?”

“லாரி வந்ததும்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. என்னை நினைத்தால் அதைவிடப் பாவமாக இருந்தது. பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஒரு எடத்துல பாத்துட்டு இல்லேன்னு சொல்லிடுவாங்களா? வேணும்னா என் வயல்ல தோண்டிப் பாக்கச் சொல்லேன்.”

அவர் அடுத்த அறையில்தான் இருந்தார். காதில் விழுந்து, கம்பெனியில் போய்ச் சொல்லிவிடப் போகிறாரே என்று சட்டென அவள் வாயைப் பொத்தினேன்.