துத்தம் அடித்த தூண்கள்

ஓடைப்பட்டி வீட்டில் அன்று இருந்தவர்கள்: மின்விசிறிக்கு நேர் கீழே, கை வைத்த நாற்காலியில் என் அக்காள் வீட்டுக்காரர் மொக்கைச்சாமி. அடுப்படி நிலையில் சாய்ந்து பூண்டு உரித்தபடி அக்காள் சங்கிலியம்மாள். மேசையில் தாளும் பேனாவுமாக நான். எனக்கு எதிரே, தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்த செல்போனில், திருச்செந்தூரிலிருந்து அக்காள் மகள் கயல்.

திருச்செந்தூரில் கடலோரத்து வீடு மச்சான் பெயரில் இருக்கிறது. கயலும் அவள் புருஷன் வினோத்ராஜும் குடியிருக்கிறார்கள். வராந்தாவுக்கு இரும்புத் தூண் நட்டவர் மச்சான்தான். உப்புக்காற்றுக்குத் தாங்காதே என்று சொன்னவர்களிடம், திராட்சைக்கே நோய் வரவிடாத மருந்து தன்னிடம் இருப்பதாகச் சொன்னார். மருந்து என்றால் மயில்துத்தம் என்கிற நீலச் செப்பு உப்பும் சுண்ணாம்பும். தன் திராட்சைத் தோட்டத்துத் தெளிப்பானை வருஷந்தோறும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய், தூண்களை நீலமாக நனைத்துவிட்டு வந்தார். துத்தம் பட்டால் இரும்பு இன்னும் சீக்கிரம் அரித்துப்போகும் என்பதை யாரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

கயல் போனைத் தூண் பக்கம் திருப்பி, விரலால் அழுத்திக் காட்டினாள். விரல் உள்ளே போனது.

"இதுக்குக் கீழதான்ப்பா பிள்ளை விளையாடுறான்."

ஆசாரி வந்து பார்த்திருக்கிறார். வேங்கை மரத்தில் தூண் போடலாம், ஈரம் ஏறாமல் அடியில் கருங்கல் வைக்கலாம் என்றாராம். ஆனால் மாமனார் கையெழுத்துப் போட்ட கடிதம் வராமல் ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன் என்கிறார் வினோத்ராஜ். முன்பு தண்ணீர்க் குழாயை மாற்றியதற்கே, மருமகன் வீட்டை இடிக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னவர் மச்சான்.

தூணுக்கு ஒன்றும் இல்லை, இன்னொரு தடவை மருந்தடித்தால் இறுகிவிடும் என்றார் மச்சான்.

"இத்தனை வருசம் அடிச்சதுக்கு தூணுல ஒரு திராட்சைக் கொத்தாச்சும் காச்சிச்சா மச்சான்?" என்றேன்.

அக்காள் தலை நிமிரவில்லை. "கூரை பேரன் தலையில விழுகட்டும். அதுக்கும் ஒரு மருந்து வச்சிருப்பாக."

மச்சான் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு, கடிதத்தை எழுதச் சொன்னார். பிறகு, துரு என்ற சொல் கடிதத்தில் வரக்கூடாது என்று நிபந்தனை போட்டார்.

"அழகுக்காக மாத்துறோம்னு எழுது மாப்ளே."

எழுதினேன். தூண்கள் நல்ல நிலையில் இருந்தபோதிலும், வீட்டின் அழகை முன்னிட்டு மரத்தூண் போட எனக்குச் சம்மதம் என்று. இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு திருத்தமான கையெழுத்தில் நான் எழுதியதில்லை. ஊரையே தானமாகக் கொடுப்பவர் போல மச்சான் கையெழுத்துப் போட்டார். நான் தாளை மடித்து உறையில் போட்டு விலாசம் எழுதினேன்.

"மரத்துக்கும் வருசத்துக்கு ஒருக்கா துத்தம் அடிக்கணும்னு கீழ ஒரு வரி சேத்துக்க," என்றார்.

அதற்குள் அக்காள் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து உறையை ஒட்டி, என் கையில் திணித்துவிட்டாள். கடிதம் முழுக்கப் பூண்டு வாடை. சட்டையை மாட்டிக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்து, விரைவுத் தபாலில் சேர்த்தேன்.