அறுபதாயிரம் சுற்று

செவ்வாய்க்கிழமை காலை எழிலரசி பவுடர் சோதனையின் வரைபடத்தைப் பரசுராமனிடம் காட்டினாள். மதியமே டில்லிபாபுவை மருந்து உலர்த்தும் டிரையரிலிருந்து தூக்கி, பேக்கிங்கில் அட்டைப்பெட்டி ஒட்டப் போட்டுவிட்டார்கள்.

ஒரகடத்தில் அவர்களுடையது மருந்துப் பவுடர் செய்யும் கம்பெனி. எழிலரசி ஆய்வகத்தில் இருந்தாள். பரசுராமன் தரப்பிரிவு மேலாளர். வரைபடத்தில் கூடுதலாக ஒரு கோடு முளைத்திருந்தது. படிகத்துக்குள் இருக்கவேண்டிய தண்ணீரில் கொஞ்சம் வெளியேறிவிட்டது என்று அதற்கு அர்த்தம். டிரையரில் சூட்டை ஏற்றிவிட்டார்கள் என்று பரசுராமன் முடிவு கட்டினார்.

மறுநாள் காலை கேன்டீன் வாசலில் டில்லிபாபு அவளை நிறுத்தினார். பதினோரு வருடமாக அந்த டிரையரில் நிற்பவர்.

"நாப்பது டிகிரிக்கு மேல நான் ஏத்தவே இல்ல மேடம். ரெக்கார்டுலயும் அப்டித்தான் கீது. நானே மாத்தி எழுதிட்டேன்றாங்க. இன்னா மேடம் இது?"

"பாக்குறேண்ணா" என்று சொல்லிவிட்டு நேராக ஆய்வகத்துக்கு நடந்தாள்.

ஆய்வகத்தில், காந்தத்துக்குள் பவுடரைச் சுழற்றி வரைபடம் எடுக்கும் என்.எம்.ஆர். கருவிக்கு இரண்டு வகைக் குழல்கள் இருந்தன. பெரியது நொடிக்குப் பத்தாயிரம் சுற்று சுற்றும். அதில் ஹைட்ரஜனின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே மேடாகத் தெரியும்; கார்பனை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதற்கு அரைநாள் ஆகும். சின்னது தீக்குச்சியைவிட ஒல்லி. நொடிக்கு அறுபதாயிரம் சுற்று. அந்த வேகத்தில் கோடுகள் தனித்தனியாகப் பிரிந்துவிடும். இரண்டு மில்லிகிராம் பவுடர் போதும், பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். அதை வாங்கித்தரச் சொல்லி நச்சரித்தவளே அவள்தான்.

அவ்வளவு வேகத்தில் சுற்றினால் காற்று உரசியே குழல் சூடாகும். அதற்காகத்தான் குளிர்காற்று இணைப்பு. அது போன வாரம் பழுதாகியிருந்தது. திரையில் இருபத்தைந்து டிகிரி காட்டியதை நம்பிச் சின்னக் குழலை ஓட்டியிருந்தாள். அது வெளியே போகும் காற்றின் சூடு. குழலுக்குள் இருப்பது இல்லை. போதாததற்கு, அந்த வரைபடம் எடுக்குமுன் குழலைச் சுற்றவிட்டு ஒரு மணிநேர மீட்டிங்குக்கு வேறு போய்வந்தாள்.

சூடேற்றியது டிரையரா, தன் குழலா என்று பார்த்துவிட முடிவுசெய்தாள்.

முதலில் அதே பவுடரைப் பெரிய குழலில் நிரப்பி மெதுவாக ஓட்டினாள். முடிய மதியம் மூன்றாகிவிட்டது. சுத்தம்; கூடுதல் கோடு இல்லை. ஒரே படிகம். பிறகு புதிதாகச் சின்னக் குழல் ஒன்றை நிரப்பி, குளிர்காற்று இல்லாமலே ஓட்டிப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தாள். முதலில் எதுவும் இல்லை. அரைமணியில் லேசாகத் தலைகாட்டிய கோடு, ஒரு மணியில் நேற்றைய வரைபடத்தில் இருந்த உயரத்துக்கு வந்து நின்றது.

இரண்டு வரைபடங்களையும் எடுத்துக்கொண்டு நேராகப் பரசுராமனிடம் போனாள்.

"தப்பு என்னோடது சார். பவுடர் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சூடாக்கிட்டேன்."

அவர் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார். "அப்ப அந்தச் சின்னக் குழல் தண்டமா?"

"இல்ல சார். ஹைட்ரஜனை அந்த மாதிரி பிரிச்சுக் காட்ட அதுதான் வேணும். குளிர்காத்து இல்லாம ஓட்டக்கூடாது. சந்தேகம் வந்தா பெருசுலயும் ஒருதடவை பாத்துடணும்."

"இதை எழுத்துல கொடும்மா" என்றவர் போனை எடுத்து, "டில்லிபாபுவை டிரையருக்கே அனுப்புங்க" என்றார்.

அவள் பேக்கிங்குக்குப் போவதற்குள் சேதி வந்துசேர்ந்திருந்தது. டில்லிபாபு அட்டைப்பெட்டிக் கட்டின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"மன்னிச்சிடுங்கண்ணா. என்னாலதான்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நேத்து ராத்திரி பூரா வூட்ல யாராண்டயும் பேசல மேடம்" என்றார். "பரவால்ல. நீங்களே போய் ஒத்துக்கினீங்களே, அது போதும்." கையில் ஒட்டியிருந்த டேப்பைப் பிய்த்துப் போட்டுவிட்டு எழுந்தார். டிரையர் பக்கம் அவர் நடந்த வேகத்தைப் பார்த்ததும் எழிலரசிக்கு மூச்சு சீராக வந்தது.