மேடை உயரம்

பஸ் ஓட்டும் மருமகள் அந்த வீட்டுச் சமையலறைக்குள் போனால் ஒரு சாண் குள்ளமாவாள்; வெளியே வந்ததும் பழைய உயரத்துக்கு வந்துவிடுவாள். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். எதிர்வீட்டுக்காரருக்குக் குறட்டை, கோடிவீட்டு அம்மாவுக்கு வெயில் ஆகாது, பஸ் ஓட்டுகிறவளுக்குச் சமையலறையில் உயரம் குறையும், அவ்வளவுதான். முதலில் கண்டுபிடித்தவன் அவள் புருஷன். அவன் டெய்லர்; முன்கூடத்தில் தையல் மிஷின் போட்டிருந்தான், கழுத்திலிருந்து இஞ்ச் டேப் இறங்காது. கல்யாணமான புதிதில், காய் நறுக்கிக்கொண்டு நின்றவளின் முதுகில் டேப்பை வைத்து யூனிஃபார்ம் சட்டைக்கு அளவெடுத்தான். போட்டுப் பார்த்தால் கை முழங்கையைத் தாண்டவில்லை. தன் தொழிலில் அளவு தப்பி அறியாதவன், அவளைக் கூடத்தில் நிறுத்தி ஒரு தரம் அளந்தான், சமையலறையில் நிறுத்தி ஒரு தரம் அளந்தான். பிறகு அவளுக்கு இரண்டு அளவில் தைக்க ஆரம்பித்தான்: சமையலறைக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று.

அந்தச் சமையலறையைக் கட்டியவர் மாமனார். ஊரில் பாதி வீடுகளுக்குச் சுவர் எழுப்பிய கொத்தனார். தன் வீட்டுச் சமையலறைக்கு மட்டும் கூலியாள் வைக்காமல், அடுப்பு மேடை, பாத்திரத் தட்டு, அரிசித் தொட்டி எல்லாவற்றையும் சிமெண்டிலேயே வார்த்துச் சுவரோடு சுவராகச் சேர்த்துவிட்டார். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். மேடை மட்டும் தணிவாக, ஒரு வளர்ந்த பெண்ணின் தொடை உயரத்துக்கு இருந்தது. ஏன் என்று யாராவது கேட்டால், "என் சம்சாரம் குட்டை, அவளுக்குத் தகுந்த மாதிரி வச்சேன்" என்பார். அந்த அம்மாள் சாகும்வரை அங்கேதான் நின்றாள். அடுப்புக்கு முன்னால் வழவழவென்று பூசிய தரையில் அவளுடைய இரண்டு பாதங்களும் பள்ளமாகப் பதிந்து கிடந்தன. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அந்த இரண்டு பள்ளத்திலும் தேங்கி நிற்கும். மாமனாரோ, கட்டி முடித்த நாளிலிருந்து அந்த அறைக்குள் காலடி வைத்ததில்லை. வேண்டியதெல்லாம் கூடத்துக்கே வந்து சேர்ந்தது.

மருமகள் பொறுத்துப் போகிற ரகமில்லை. ஆனாலும் வேலைக்குப் போகிற அவசரத்தில் முதுகு வலியைப் பற்றி யோசிக்க நேரமிருக்காது. அடுப்பைச் செங்கல் வைத்து உயர்த்தினாள். அந்த உயரத்துக்குத் தகுந்தபடி அவளும் இன்னும் கொஞ்சம் குறைந்தாள். செங்கல்லை எடுத்து வீசினாள். ஆரம்பத்தில் வாசற்படி தாண்டும்போதே இழந்த உயரம் திரும்பிவிடும். சில வருஷத்தில் தெருமுனை வரை நடக்க வேண்டியிருந்தது. பிறகு டிப்போ வரை. பிறகு, பஸ்ஸை எடுத்து இரண்டு மூன்று நிறுத்தம் போன பின்புதான் கால் நீளும். அதுவரை சீட்டின் நுனியில் உட்கார்ந்து ஓட்டுவாள். ஒருநாள் காலை, பாலத்து இறக்கத்தில், கால் பிரேக்கை எட்டவே இல்லை.

ஹேண்ட் பிரேக்கை இழுத்து, கியரை மாற்றிப் போட்டு, ஓரத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினாள். யாருக்கும் அடியில்லை, ஒரு பாட்டியம்மாவின் கூடையிலிருந்த தக்காளி மட்டும் பஸ் முழுக்க உருண்டது. டிப்போ அதிகாரி அவளைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"உயரம் பத்தலைம்மா. கண்டக்டர் வேலை வேணா தர்றேன். அதுக்கு எவ்வளவு இருந்தாலும் போதும்."

"எனக்கு ஸ்டியரிங்தான் சார் வேணும்."

"அப்ப வளர்ந்துட்டு வா."

"வர்றேன். அதுக்கு எதை இடிக்கணும்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, யூனிஃபார்மோடு நடந்தே வீட்டுக்கு வந்தாள். வழியில் தச்சர் பட்டறையில் நுழைந்து ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தாள்.

அந்தத் தச்சருக்கு 'முக்கால்' என்று பெயர். எந்த வேலையைக் கேட்டாலும் முக்கால்வாசி முடிந்துவிட்டது என்பார். மரம் இன்னும் அறுபடாமல் கிடக்கும். அவரைக் கூடத்தில் நிற்க வைத்துவிட்டு, மருமகள் சாக்பீஸால் தரையில் தன் சமையலறையை வரைந்தாள். இங்கே அடுப்பு, இங்கே தண்ணீர்த் தொட்டி, இரண்டுக்கும் நடுவே பாத்திரம் இறக்கிவைக்க இடம், ஜன்னலுக்குக் கீழே காய் நறுக்கும் பலகை. புருஷன் மிஷினை விட்டு எழுந்துவந்து, கேட்காமலே, அவளுடைய வெளி அளவில் இடுப்புக்கு டேப்பைப் பிடித்தான். மேடை அந்த உயரம். அலமாரி எல்லாம் மரத்தில். முக்கால் தலையைச் சொறிந்தார். இந்தக் காலத்தில் யார் சமையலறையில் மரம் போடுகிறார்கள், தண்ணி பட்டால் ஊறும், பூச்சி அரிக்கும், சிமெண்ட்தான் காலத்துக்கும் நிற்கும் என்றார்.

"காலத்துக்கும் நிக்கிறதுதான் இப்ப பிரச்சினையே. மரம்னா ஸ்க்ரூவைக் கழட்டி ஏத்தி மாட்டலாம், இறக்கி மாட்டலாம். ஆள் மாறினா அதுவும் மாறணும்."

தரைக்கு சிமெண்ட் டைல் என்றாள். அதற்கும் அதே காரணம்தான்: ஒன்று தேய்ந்தால் அதை மட்டும் பெயர்த்து வேறு வைக்கலாம், ஒருத்தியின் கால்தடத்தில் இன்னொருத்தி நிற்க வேண்டியதில்லை. ஊருக்கு வெளியே டைல் பட்டறை நடத்திய பெண்மணியிடம் போனாள். அச்சில் நிறக்குழம்பை ஊற்றி, மேலே சிமெண்டைத் தூவி, இயந்திரத்தில் அழுத்தி எடுத்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டிருந்தார்கள். பூப்போட்டது, நட்சத்திரம் போட்டது என்று எடுத்தெடுத்துக் காட்டினார்கள். மருமகள் எதுவும் பிடிக்கவில்லை என்றாள். அடர் பச்சையில் வெள்ளைக் கோடு வேண்டும், கோடு டைலுக்கு டைல் தொடர்ந்து போகவேண்டும், எந்த இடத்திலும் வட்டமாக முடியக்கூடாது என்று கேட்டு, புதிய அச்சே வெட்ட வைத்தாள்.

இடிக்கப்போகிற செய்தி காதில் விழுந்ததும் மாமனார், கட்டி முடித்த பிறகு முதல்முறையாக, சமையலறைக்குள் போனார். மேடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். "என் உடம்புல உசுரு இருக்கிற வரைக்கும் இதுல உளி படாது" என்றார். உட்கார்ந்தபோது அவர் கால்கள் தரையில் நன்றாக ஊன்றியிருந்தன. மருமகள் வாக்குவாதம் செய்யவில்லை. அடுப்பைக் கூடத்துக்கு மாற்றி, தையல் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்து, நிமிர்ந்து நின்று சமைத்தாள். அவருக்குச் சாப்பாடும் டீயும் அங்கேயே போயின. மறுநாள் அவர் குதிகால் தரையை விட்டு எழும்பியிருந்தது. அதற்கு மறுநாள் விரல் நுனி. பிறகு கால்கள் காற்றில் ஆடின. சட்டை தோளைவிட்டு வழிந்தது. பேச்சில் யார் பக்கமும் சேரத் தெரியாத மகன், காலையில் அப்பாவின் சட்டையை வாங்கி, பிடித்துத் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பான். அடுத்த நாள் அதுவும் பெரிதாகிவிடும். மாமனார் எல்லாவற்றையும் பார்த்தார். இறங்கவில்லை. கொத்தனாரின் பிடிவாதம் கொத்தனாரின் சுவரைவிட உறுதி.

பஞ்சாயத்துக்கு அவரே ஆள் அனுப்பித் தன் மச்சினியை வரவழைத்தார். செத்துப்போன மனைவியின் தங்கை. எப்படியும் தன் பக்கம்தான் பேசுவாள் என்று நம்பினார். அவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் சமையலறை வாசலில் நின்று, மேடைமேல் பள்ளிக்கூடப் பிள்ளை அளவுக்கு உட்கார்ந்திருந்த அக்கா புருஷனைப் பார்த்தாள்.

"சொல்லு, உங்க அக்கா குட்டைதானே? அவளுக்காகத்தானே இதைக் கட்டினேன்?" என்றார் அவர்.

"அக்காவா குட்டை? யாரு அத்தான் சொன்னா உங்களுக்கு?" என்றாள் மச்சினி. "எங்க வீட்டுப் பரண்ல இருக்கிற பானையை ஸ்டூல் போடாம எடுக்கிறவ அவ ஒருத்திதான். பொண்ணு பாக்க வந்தப்ப உங்களைவிட உயரமா தெரியக்கூடாதுன்னு அவளை உக்கார வச்சே காட்டினாங்க. நீங்க நின்னு பாக்கவே இல்லையா?"

அவர் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. சாயங்காலம் மருமகள் டீ டம்ளரோடு உள்ளே வந்தபோது, அவளும் குறைந்து அவருக்கு நேராகத்தான் நின்றாள். இருவரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

"இங்கேர்ந்து தெரு தெரியும்னு நினைச்சுதான் ஜன்னல் வச்சேன்" என்றார். "வானம் மட்டும்தான் தெரியுது."

"ஆமா மாமா."

"அவளும் இதைத்தான் பாத்துக்கிட்டு நின்னாளா?"

"நின்னாங்க."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் இரண்டு கையையும் நீட்டினார். "இறக்கி விடு. ஒத்துக்கிட்டேன்னு நினைக்காதே. கூலிக்காரன் எவனும் இதுல கை வைக்கக் கூடாது. முடிஞ்சா நீயே உடை. நான் பாக்கிறேன்."

"அதுக்குத்தானே வந்திருக்கேன்" என்று அவரை இடுப்பில் தூக்கி வாசலில் விட்டாள்.

மறுநாள் சம்மட்டியை எடுத்தாள். முதல் அடியில் மேடையில் கீறல்கூட விழவில்லை. மாமனார் வாசலில் நின்று லேசாகச் சிரித்தார். நாலைந்து அடிக்குப் பிறகு ஒரு மூலை பெயர்ந்தது. அவர் சிரிப்பை நிறுத்தினார். அடுத்தடுத்த அடிக்கு அவளுடைய கை சட்டையைத் தாண்டி நீண்டது, பாவாடை கணுக்காலுக்கு மேலே ஏறியது. சுத்தமாக அத்தனையும் நொறுங்கியபோது அவள் தலை ஜன்னலின் மேல்கட்டையைத் தொட்டது. தூசியும் வியர்வையுமாக நின்று தெருவைப் பார்த்தாள். தெருவும் அவளைப் பார்த்தது. பிறகு தரையை உடைத்தாள். அடுப்படியில் மட்டும் அந்த இரண்டு பாதப் பள்ளமும் ஒரே துண்டாகப் பெயர்ந்து வந்தன. குப்பை வண்டியில் ஏற்றப் போனபோது மாமனார் கை காட்டித் தடுத்தார். அதைக் கிணற்றடிக்கு உருட்டிக்கொண்டு போய், மணல் போகத் தேய்த்துக் கழுவினார். யாரும் உதவிக்குப் போகவில்லை; அவரும் கூப்பிடவில்லை.

டைல் பதிக்க ஆள் வந்தபோது, வந்தவன் கோடு பிசகி வைப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை. "நகரு" என்று அவனை அனுப்பிவிட்டுத் தானே இறங்கினார். தரைக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்ததால் ரசமட்டம் தேவைப்படவில்லை. கன்னத்தை வைத்தே மட்டம் பார்த்தார். பச்சையில் வெள்ளைக் கோடு கதவில் புறப்பட்டு, அடுப்பைச் சுற்றி வளைந்து, பின்வாசல் வழியாக வெளியே போனது. முக்கால், யாருமே எதிர்பாராதபடி, அலமாரிகளை முழுசாக முடித்துக் கொண்டுவந்தார். கதவுகள் கிறீச்சிடாமல் மூடின. மேடை மருமகளின் இடுப்புக்கு நின்றது. புருஷன் அவளை உள்ளே நிறுத்தி அளந்தான், வெளியே நிறுத்தி அளந்தான், டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சமையலறைக்கென்று தைத்த துணிகளை எல்லாம் கிழித்துத் துடைக்கும் துணியாக்கினான்.

பார்க்க வந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. கோடிவீட்டு அம்மா மேடையைத் தொட்டுப் பார்த்து, "நாளைக்கு இந்த வீட்டுக்கு ஒருத்தி வருவாளே, அவ எட்டாம திண்டாட மாட்டாளா? எல்லாத்தையும் உன் இஷ்டத்துக்கே கட்டினா எப்படி?" என்று கேட்டாள்.

"வர்றவ உயரம் எனக்குத் தெரியாது. வந்து நின்னு பாக்கட்டும், சரியில்லைன்னா மாத்தட்டும். சம்மட்டி எங்க இருக்குன்னு சொல்லிக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்றாள் மருமகள், அடுப்பைத் துடைத்தபடி.

டிப்போ அதிகாரி அவளை மறுபடி சுவரோரம் நிறுத்தினார். முன்பு இருந்ததைவிட இரண்டு விரல் கூடுதலாக இருந்தது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்தார்; அவள் சாவிக்குக் கை நீட்டினாள்; சாவியைக் கொடுத்தார். அந்த வருஷம் தெருவில் இன்னும் சில வீடுகளில் மேடை இடிபடும் சத்தம் கேட்டது. சில புருஷன்மார் கோபித்துக்கொண்டு வெளியூர் போனார்கள். போனவர்கள் திரும்பி வந்து, நிலைவாசலில் குனியாமல் நுழையும் பழக்கத்தில் இருந்த பெண்டாட்டிகள் இப்போது குனிந்து நுழைவதைப் பார்த்து, நிலையை உயர்த்திக் கட்டினார்கள்.

மாமனாருக்கு மட்டும் போன உயரம் திரும்பவில்லை. மருமகளுக்குக் காலை ஷிப்ட், மகனுக்குத் தையல், எனவே சமையல் அவரிடம் வந்தது. முதலில் எல்லாவற்றையும் கருக்கினார், பிறகு பழகிவிட்டது. அலமாரியின் அடியில், கால் வைக்கும் இடத்தில், இழுத்தால் வெளியே வரும் படி ஒன்றை மருமகள் முக்காலிடம் சொல்லிப் போட வைத்திருந்தாள். அவர் அதை இழுப்பார், ஏறுவார், சமைப்பார், இறங்கிக் காலாலேயே உள்ளே தள்ளுவார். சில வருஷம் கழித்து வந்த மச்சினி வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் அத்தான், ஒரு டாக்டர்கிட்ட காட்டக் கூடாதா? பழையபடி வளர ஏதாவது மருந்து இருக்காதா?"

அவர் அடுப்பைத் தணித்து, மூடியைத் திறந்து பார்த்து, கரண்டியால் ஒரு கிண்டு கிண்டினார்.

"எதுக்கு?" என்றார். "எட்டுது."

மச்சினி பையைக் கீழே வைத்துவிட்டு, உப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டாள்.