கூட்டியாச்சு

"கூட்டியாச்சு" என்று சொல்லிக்கொண்டே அவர் பையைத் தூக்கிப் பிடிப்பார். அவள் திரும்பி நின்று வார்களுக்குள் கைகளை நுழைப்பாள். மார்புக்குக் குறுக்கே கொக்கியை மாட்டிவிடுவதும் அவர்தான். தீயணைப்பு நிலையத்தில் தண்ணீர்க் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி மாடியாக ஏறியவள், முதுகில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு குனிந்து ஒரு வாளியைக்கூடத் தூக்கக் கூடாது. பை முதுகில் ஏறுவதும் இறங்குவதும் கணவன் கையால்தான்.

பிசியோதெரபி பார்ப்பவள் கறாரான பெண். "தினமும் முதுகுல பையோட நடக்கணும். ஒரு மணல் பொட்டலம், கொஞ்ச எடையில ஆரம்பிங்க. பை மேல தூக்கி, முதுகோட ஒட்டி இருக்கணும். ஒரு வாரம் வலியில்லாம நடந்தாத்தான் அடுத்த பொட்டலம். அவசரப்பட்டு மொத்தமா ஏத்தினீங்க, மறுபடி என் கட்டில்லதான் வந்து படுப்பீங்க" என்றாள்.

பொட்டலங்களைத் தைத்தது அவர். சோபா தைக்கும் தொழில். முதல் பொட்டலத்துக்கு அவள் கண்ணெதிரே மிச்சத் துணியில் மணலைக் கொட்டி, பிரியாத தையல் போட்டுக் கொடுத்தார். வாரத்துக்கு ஒன்று சேர்ந்தது. பை பருத்தது, ஆனால் நடை தளரவில்லை. போன மாதம் மூச்சு வாங்கிய ஏற்றத்தில் இப்போது பாட்டு முணுமுணுக்க முடிந்தது. உடம்பு திரும்பி வந்துவிட்டதென்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் நிலையத்தில் தேர்வு: மூச்சுக்காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு பயிற்சிக் கோபுரம் ஏற வேண்டும். தவறினால் தொலைபேசி மேசைதான், ஒருவேளை ஓய்வு பெறும் வரைக்கும்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அன்றைய நடையை நிலையத்துப் பக்கம் திருப்பினாள். வண்டி ஓட்டுநர் ஓடிவந்து பையைக் கழற்ற உதவினார். கனமாக இருக்குமென்று இரண்டு கையாலும் இழுத்தவர், பின்னால் தடுமாறினார்.

"என்னக்கா, தலகாணியச் சுமந்துக்கிட்டு அலையுற?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தபடிதான் ஒரு பொட்டலத்தைக் கத்தரித்தாள். ஸ்பாஞ்சுத் துணுக்கு, நூல் பிசிறு, சாக்குக்கட்டித் தூள். கடைத் தரையில் அவர் தினமும் துடைப்பத்தால் ஒதுக்கும் அதே குப்பை. அடியில் கிடந்த முதல் பொட்டலத்தில் மட்டும் மணல். சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை அவளுக்குத் தெரியும். குப்பையை மணலென்று முதுகில் கட்டி ஊர்வலம் விட்டவனோடு ஒரே வீட்டில் இருந்தது இப்போதுதான் தெரிந்தது.

அவள் கடைக்குள் நுழைந்தபோது அவர் தையல் இயந்திரத்தின் முன் இருந்தார். அவள் கையில் இருந்த கிழிந்த பொட்டலத்தைப் பார்த்ததும் மிதிப்பதை நிறுத்தினார்.

"வாரா வாரம் கூட்டியாச்சு, கூட்டியாச்சுன்னு சொன்னீங்களே."

"பொய் சொல்லலையே" என்றார், எப்போதும்போல வேடிக்கையாக்கப் பார்த்து. "கடையக் கூட்டித்தானே போட்டேன்."

அவள் கிழிந்த பொட்டலத்தை இயந்திரத்தின்மேல் வைத்தாள். அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

"அன்னிக்கு உன்னை ஸ்ட்ரெச்சர்ல பார்த்தேன்ல. திரும்ப அந்தத் தீயணைப்பு வண்டியில நீ ஏறக் கூடாதுன்னு தோணுச்சு. பயம்."

"பயம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா சண்டை போட்டிருப்பேன். ஜெயிச்சிருப்பேன், இல்ல தோத்திருப்பேன். நீ நம்ப வச்சுல்ல கழுத்தறுத்திருக்க." இத்தனை வருடத்தில் முதல்முறையாக அவரை 'நீ' என்றாள். "எனக்கு மட்டும் பயமில்லையா? அதனாலதானே பைய உன் கையில குடுத்தேன்."

அவர் எழுந்தார். "இப்பவே மணல் ரொப்பித் தரேன். இன்னும் ஒரு வாரம் இருக்குல்ல."

"மொத்தமா ஏத்தினா முதுகு போயிடும். அதுவும் உனக்குத் தெரியும்."

தேர்வு போய்விட்டது. அடுத்தது எப்போது வருமென்று யாருக்கும் தெரியாது. அவள் பையைத் தரையில் கவிழ்த்தாள். குப்பைப் பொட்டலங்கள் உருண்டன. மணல் பொட்டலத்தை மட்டும் பொறுக்கி உள்ளே வைத்தாள். பையைச் சுவரோரம் மேசைமேல் நிறுத்தி, அதற்கு முதுகைக் காட்டி முழங்காலை மடக்கி, தானே வார்களில் கைகளை நுழைத்தாள். பை சரிந்தது. மறுபடி நிறுத்தினாள்.

"இரு, நான்..." என்று அவர் கை நீட்டினார்.

அவள் மெல்ல நிமிர்ந்தாள். கொக்கி இரண்டு தடவை நழுவி, மூன்றாவது தடவை 'டக்'கென்று மாட்டியது. வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கும்வரை, நீட்டிய கையை மடக்க அவருக்குத் தோன்றவில்லை.