தங்கபாண்டியின் வாக்குமூலம்

செத்துப்போன தங்கபாண்டி அடுத்த மாதமே திரும்பி வந்து, தான் எப்படிச் செத்தான் என்பதைச் சொல்வதற்காக, திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தான். தலையிலும் தோளிலும் சிமென்ட் காய்ந்திருந்தது. கூட்டுகிறவள் சில நாள் முணுமுணுத்தாள், பிறகு அவன் காலைச் சுற்றிக் கூட்டப் பழகிக்கொண்டாள்.

அவன் சொன்னதில் ரகசியமே இல்லை. அவன் கட்டட வேலை பார்த்த அரசுக் கட்டடத்தின் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்துவிட்டதால், மேல்தளக் கான்கிரீட் இறுகும் முன்பே, "முட்டுக்கம்பெல்லாம் பிரிக்கச் சொன்னாவ, பிரிச்சோம், விழுந்துட்டு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். இதையே பத்திரிகைக்காரர்களிடம் முதலில் சொன்ன ஓவர்சீயர் ஷீஜாவை மறுநாளே காசர்கோட்டுக்குத் தூக்கியடித்தார்கள். அங்கே அவளுக்கு மேசை கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை. விபத்து பற்றிய விசாரணை அறிக்கை அரக்கு முத்திரையோடு பீரோவுக்குள் போயிற்று. தங்கபாண்டி குடித்துவிட்டு விழுந்தான் என்று ஊரில் பரவியிருந்தது. அது பொய் என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் அவன் மனைவி சுடலைமாடத்தி, சாலை கடைத்தெருவில் ஓட்டல் பாத்திரம் கழுவுகிறவள், தகவல் உரிமைச் சட்டத்தில் அறிக்கையைக் கேட்டு மனுப் போட்டாள்.

மனு விசாரணைக்கு வந்த நாளில் அந்த அலுவலகத்தின் தகவல் அதிகாரி அனில் பொறுமையாகவே பேசினார். கரமனைக்காரர், தமிழ் தெரிந்தவர். செத்தவர் வாக்குமூலத்தைச் சேர்க்கத் தடையில்லை, ஆனால் நெருங்கிய உறவு அடையாளம் காட்ட வேண்டும் என்றார். வராந்தா பெஞ்சில் இருந்தவனைக் காட்டி, "இது ஆராக்கும்? பேரு சொல்லணும் கேட்டோ, சொன்னாத்தான் ரெக்கார்டுல ஏறும்." புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் சுடலைமாடத்தி. கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. "பிச்சைக்கனி அப்பா சார்" என்றாள். மகன் பெயர் வேண்டாம் என்றார். "எங்க வீட்ல உள்ளவிய" என்றாள். அனில் கடிகாரத்தைப் பார்த்தார். பாவி மனுஷி, அப்போதும் சொல்லவில்லை.

இறந்தவர் யாரென்று மனுதாரரால் சொல்ல முடியவில்லை, ஆகவே தகவல் தருவதற்கில்லை என்று உத்தரவு வந்தது. அதைப் படித்துக் காட்டிய பிறகுதான் அவள் வராந்தாவுக்கு ஓடி, கட்டடம் முழுக்கக் கேட்கும்படி தங்கபாண்டி, தங்கபாண்டி என்று கத்தினாள். அனில் வெளியே வந்து, "இனி பறஞ்சிட்டு காரியமில்ல அம்மா, ஃபைல் க்ளோஸ் ஆயாச்சு" என்றார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. சாப்பிடப் போய்விட்டார்.

வருஷங்கள் போயின. அமைச்சர்கள் மாறினார்கள், பெஞ்சை மாற்றினார்கள், தங்கபாண்டி இருக்கிறான். மழைக்காலத்தில் அவன் தோளில் குடை மாட்டுகிறார்கள். புதிதாக வருகிறவர்கள் அவன் சொல்வதைக் கேட்டுக்கொண்டே டோக்கன் எடுக்கிறார்கள். மதியம் ஓட்டலிலிருந்து சுடலைமாடத்தி வந்து பக்கத்தில் உட்காருகிறாள்.

"தங்கபாண்டி, சாப்ட்டியளா?" என்கிறாள்.

"ஆச்சு" என்கிறான்.